மொசைக் ஒட்டும் முன் குளியலறைச் சுவருக்கு வாட்டர்புரூஃப் வேண்டுமா, வேண்டாமா?

செப்டம்பர் 12, வாசகர் கேள்வி

மலேசியா, பேராக்கில் உள்ள சுங்கை சிப்புட்டில் பழைய தரைவீடு. குளியலறை மொசைக்கை (டைலை) முழுக்கப் பெயர்த்தாகிவிட்டது, புதிதாக ஒட்டப்போகிறோம். தரைக்கு வாட்டர்புரூஃப் அடித்தால் போதும், சுவருக்கு அடிப்பது வீண்செலவு, மொசைக்கே தண்ணீரை விடாது என்கிறார் வேலை எடுத்தவர். அமெரிக்க வீடியோக்களில் சுவர் முழுக்கச் சிவப்பாகப் பூசுகிறார்கள், ஆரஞ்சுத் தாள் ஒட்டுகிறார்கள், சிலர் பிளாஸ்டிக் அடிக்கிறார்கள். நம் ஊருக்கு இதெல்லாம் தேவையா? சுவருக்கு அந்தப் பக்கம் அம்மா படுக்கும் அறை. தீபாவளிக்குள் முடிக்க வேண்டும்.

செப்டம்பர் 12, இரவு

அம்மாவின் அறை என்று எழுதிவிட்டீர்கள், அப்புறம் என்ன கேள்வி? அடியுங்கள்.

செப்டம்பர் 12, இன்னும் கொஞ்சம்

சரி, காரணத்தையும் சொல்கிறேன். மொசைக் தண்ணீரை விடாது என்பது வகையைப் பொறுத்தது. போர்சலின் என்று விற்கிற கனமான வகை தன் எடையில் 0.5 விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர் குடிக்காது. சுவருக்கென்றே வருகிற லேசான செராமிக் வகை 10 விழுக்காட்டுக்கு மேலேயே குடிக்கும். முகத்தில் கண்ணாடிப் பூச்சு இருப்பதால் முன்பக்கம் நேராக இறங்காது. ஆனால் இடுக்கில் அடைக்கிற கிரவுட் இருக்கிறதே, அது சிமெண்டு. சிமெண்டு தண்ணீரை உறிஞ்சும். தினமும் காலையும் மாலையும் நாலு பேர் குளிக்கிற வீட்டில் அந்த இடுக்கு முழுசாகக் காய நேரமே கிடைக்காது. உள்ளே போன தண்ணீர் மொசைக்கின் முதுகை நனைத்து, பூச்சை நனைத்து, செங்கல்லுக்குப் போகும். நம் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் உள்சுவர் அரைச் செங்கல் கனம்தான். பூச்சோடு சேர்த்து ஆறு அங்குலம் தேறாது. அந்தப் பக்கம் பெயிண்ட் உப்பிக்கொண்டு வரும், வெள்ளையாக உப்புப் பூக்கும். அம்மாவின் அலமாரி அந்தச் சுவரை ஒட்டி இருந்தால் முதுகுப் பலகையைத் தடவிப் பாருங்கள்.

வேலை எடுத்தவர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. நிறைய பேர் அப்படித்தான் கற்றுக்கொண்டார்கள். மேல்மாடிக் குளியலறையில் ஒழுகினால் கீழ்வீட்டுக்காரன் கத்துவான், அதனால் தரைக்கு அடிக்கிற பழக்கம் வந்தது. சுவர் ஊறினால் கத்த ஆள் இல்லை.

செப்டம்பர் 13

வீடியோக்கள் பற்றி. அவர்களுடைய வீட்டுச் சுவர் மரச்சட்டம். சட்டத்தின் மேல் பலகை, பலகை மேல் மொசைக். ஒரு காலத்தில் பச்சைத்தாள் ஒட்டிய ஜிப்சம் பலகையையே குளியல் சுவருக்கும் போட்டார்கள். ஈரம் தாங்கும் என்று பெயர், தாங்கவில்லை. 2006ஆம் ஆண்டு வந்த அவர்களுடைய வீட்டுக் கட்டட விதித்தொகுப்பு, குளிக்கிற இடத்தில் மொசைக்குக் கீழே அதைப் போடக் கூடாது என்றது. இப்போது சிமெண்டுப் பலகை போடுகிறார்கள். சிமெண்டுப் பலகை தண்ணீரில் ஊறிக் கெடாது, அவ்வளவுதான். தண்ணீரைத் தடுக்காது. அதனால் பலகைக்குப் பின்னால் பிளாஸ்டிக் தாள் அடிக்கிறார்கள், அல்லது பலகையின் முகத்தில் ரப்பர் மாதிரிப் பூசுகிறார்கள். இரண்டில் ஒன்றைத்தான் செய்ய வேண்டும். இரண்டையும் செய்தால் நடுவில் மாட்டிய ஈரம் வெளியே வர வழி இல்லை.

நீங்கள் பார்த்த சிவப்பு, ரெட்கார்டு என்கிற பூச்சாக இருக்கும். ஈரமாக இருக்கும்போது இளஞ்சிவப்பு, காய்ந்தால் அடர்சிவப்பு. காய்ந்ததா என்று தொட்டுப் பார்க்க வேண்டியதில்லை, நல்ல யோசனை. ஆரஞ்சுத் தாள் கெர்டி. இருபுறமும் பஞ்சு போன்ற துணி ஒட்டிய பிளாஸ்டிக், மொசைக் ஒட்டுகிற பசையிலேயே ஒட்டுவது.

நமக்குச் செங்கல்லும் சிமெண்டுப் பூச்சும். பலகை கிடையாது, சட்டம் கிடையாது. பிளாஸ்டிக் தாளுக்கு இங்கே வேலையே இல்லை. சிமெண்டுப் பூச்சின் மேல் நேராக வாட்டர்புரூஃப் இரண்டு கை அடித்துவிட்டு மொசைக் ஒட்டலாம். இந்த ஒரு விஷயத்தில் நம் வேலை சுலபம்.

செப்டம்பர் 13, மாலை

அமெரிக்க வீட்டில் சுவர் ஊறினால் சட்டம் உளுத்துப்போய் மொசைக் கையோடு வரும் என்கிறார்கள். நம் வீட்டில் சுவர் விழாது. அதுதான் சிக்கல். விழுந்தால் சரிசெய்வோம், விழாததால் பெயிண்ட் அடித்து மறைத்துக்கொண்டே இருக்கிறோம். நான் பார்த்த ஒரு வீட்டில் ஒவ்வொரு தீபாவளிக்கும் அதே சுவருக்குப் பெயிண்ட். வீட்டுக்காரர் பெயிண்ட் தரமில்லை என்று வருஷத்துக்கு ஒரு பிராண்டு மாற்றிக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 14

கோலகங்சாரிலிருந்து எழுதிய அக்காவுக்கு: சுவர் அடியில் முழங்கால் உயரம் மட்டும், நாலு பக்கச் சுவரிலும் ஒரே மட்டத்தில் பொரிந்தால் அது குளியலறைத் தண்ணீர் இல்லை. நிலத்திலிருந்து ஏறுகிற ஓதம். அதற்கு வைத்தியம் வேறு. குளியலறையை ஒட்டிய சுவரில் மட்டும், குழாய் இருக்கிற பக்கம் அதிகமாக, மேலே போகப்போகக் குறைவாக இருந்தால் அப்போது இந்த இழைக்கு வாருங்கள். குழாய் உள்ளேயே வெடித்திருக்கிறதா என்பதையும் முதலில் பாருங்கள். வீட்டில் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டர் முள் நகர்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். நகர்ந்தால் வாட்டர்புரூஃப் பேச்சை நிறுத்திவிட்டுக் குழாய்க்காரரைக் கூப்பிடுங்கள்.

செப்டம்பர் 15

எவ்வளவு உயரம் அடிப்பது என்று கேட்டவர்களுக்கு. மெல்பர்னில் மகன் இருக்கிறார் என்ற ஐயா எழுதியது சரி. ஆஸ்திரேலியாவின் ஏ.எஸ். 3740 தரப்படி குளிக்கிற இடத்துச் சுவருக்குத் தரையிலிருந்து 1,800 மி.மீ. உயரமாவது நீர்த்தடை வேண்டும். ஏறத்தாழ ஆறடி. நானும் அதையே பிடித்துக்கொள்கிறேன். ஷவர் நிற்கிற மூலையில் இரண்டு சுவருக்கும் ஆறடி. மற்றச் சுவர்களுக்குத் தரைப் பூச்சைத் திருப்பி ஓரடி ஏற்றினால் போதும்.

காசு குறைவு என்றால் வரிசை இது: முதலில் தரை, தரையும் சுவரும் சேரும் மூலை, அடுத்து குழாய் வெளிவருகிற துளைகள், அடுத்து ஷவர் சுவர், கடைசியாக வாளியும் தொட்டியும் இருக்கிற சுவர். கதவுப் பக்கத்துச் சுவருக்கு மேலே வரை அடிக்கச் சொல்கிறவர் உங்களுக்குப் பூச்சு விற்கிறவர்.

செப்டம்பர் 16

“ரப்பர் பூச்சு ரப்பர் பூச்சு என்கிறீர்களே, நம் தோட்டத்துப் பாலையே எடுத்து அடித்தால் என்ன?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சிரிக்காதீர்கள், இதை வேறொருவர் நமக்கு முன்பே யோசித்துவிட்டார். 1923இல் கிரெஸ்ஸன் என்பவர் ரப்பர் பாலோடு சிமெண்டைக் கலந்து சாலைக்குப் போடுவதற்குப் பிரிட்டனில் காப்புரிமை வாங்கினார். அதில் சிமெண்டு வெறும் நிரப்பு. அடுத்த வருஷமே லெஃபெபியூர் என்பவர் சிமெண்டுக் கலவைக்குள் ரப்பர் பாலை அளவோடு சேர்க்கிற முறைக்கு வாங்கினார். இன்றைக்கு வாளியில் விற்கிற பாலிமர் சிமெண்டுச் சமாச்சாரம் அத்தனையும் அங்கே தொடங்கியது. அப்போது உலகத்துக்கு ரப்பர் பால் போய்க்கொண்டிருந்தது நம் பக்கத்திலிருந்துதான். கோலகங்சாரில் 1877இல் நட்ட மரத்தில் ஒன்று இன்னும் நிற்கிறது, போனால் பாருங்கள்.

ஆனால் வாளியில் பிடித்த பாலை அப்படியே சுவரில் அடிக்க முடியாது. அமோனியா போடாவிட்டால் சில மணி நேரத்தில் தானாகவே உறையும். சிமெண்டில் இருக்கிற கால்சியம் பட்டதும் இன்னும் சீக்கிரம் கட்டி கட்டியாகிவிடும். மீறிப் பூசினாலும் நாளடைவில் பிசுபிசுத்துப் போகும். வாசனையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ரப்பர் சீட்டுக் கொட்டகைப் பக்கம் வளர்ந்தவர்களுக்குத் தெரியும்.

செப்டம்பர் 16, பின்குறிப்பு

மேலே எழுதியதைப் படித்துவிட்டு, ஹார்ட்வேர் கடையில் கேனில் விற்கிற எஸ்.பி.ஆர். பாலை வாங்கி அடிக்கலாமா என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். அது செயற்கை ரப்பர் பால், பார்க்க நம் பால் மாதிரியே இருக்கும். சிமெண்டுப் பூச்சுக்குள் கலந்தால் பிடிப்பு கூடும், கொஞ்சம் தண்ணீரையும் தடுக்கும். ஆனால் அதில் சிமெண்டைக் கரைத்து ஒரு கை வெள்ளையடிப்பதற்கு வாட்டர்புரூஃப் என்று பெயர் வைக்கிறார்கள் பாருங்கள், அது வேறு. சுவரில் மயிரிழை வெடிப்பு விட்டால் அதுவும் சேர்ந்து வெடிக்கும். இழுபடாது. பில்லில் வாட்டர்புரூஃப் என்று எழுதியிருந்தால் என்ன பொருள், எத்தனை கை என்று கேளுங்கள். காலி வாளியை வீட்டிலேயே விட்டுப்போகச் சொல்லுங்கள்.

செப்டம்பர் 18

வேலை முறை கேட்டுத் தனியாகச் செய்திகள் வருகின்றன. எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன், நீளமாக இருக்கும்.

முதலில் பழைய சிமெண்டுப் பூச்சைத் தட்டிப் பாருங்கள். சுத்தியின் பிடியால் தட்டினால் போதும். கொடகொடவென்று சத்தம் வருகிற இடம் செங்கல்லை விட்டுக் கழன்றிருக்கிறது. உடைத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும். அதன் மேல் எவ்வளவு விலை உயர்ந்த பொருளை அடித்தாலும் பூச்சோடு சேர்ந்து அதுவும் வரும். பழைய பசை, பெயிண்ட், சோப்பு எண்ணெய் எல்லாவற்றையும் சுரண்டி எடுக்க வேண்டும். இந்த வேலை யாருக்கும் பிடிக்காது, ஆனால் பாதிப் பலன் இதில் இருக்கிறது.

இங்கே கடையில் கிடைப்பது பெரும்பாலும் இரண்டு இனம். தூளும் பாலும் தனித்தனியாக வந்து கலக்கிற சிமெண்டு வகை ஒன்று. வாளியைத் திறந்து நேராக அடிக்கிற அக்ரிலிக் வகை இன்னொன்று. சிகா, மாப்பெய், டாவ்கோ என்று பெயர்கள் பல. கடைக்காரத் தௌக்கே எதை அடுக்கி வைத்திருக்கிறாரோ அதைத்தான் வாங்கப்போகிறீர்கள், பெயரில் சண்டை வேண்டாம். கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சிமெண்டு வகைக்குச் சுவரை நனைத்து, மேலே தண்ணீர் நிற்காமல் உள்ளே மட்டும் ஈரம் இருக்கும்போது அடிக்க வேண்டும். காய்ந்த சுவரில் அடித்தால் கலவையின் தண்ணீரைச் சுவர் குடித்துவிடும், பூச்சு மாவாகும். அக்ரிலிக் வகைக்கு நேர்மாறு, சுவர் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரத்தில் அடித்தால் தோல் மாதிரி உரிந்து வரும். வாளியின் பின்பக்கத்தைப் படிக்காமல் பிரஷைத் தொடாதீர்கள்.

அப்புறம் மூலை. தரையும் சுவரும் சேர்கிற கோட்டில், இரண்டு சுவர் சேர்கிற கோட்டில், சிமெண்டுக் கலவையை விரலால் இழுத்து ஒரு சின்னச் சரிவு வைத்துக்கொள்ளுங்கள். கூர்மூலையில் பூச்சு மெலிந்துபோகும், சுவரும் தரையும் தனித்தனியாக அசையும், வெடிப்பு அங்கேதான் வரும். முதல் கை ஈரமாக இருக்கும்போதே கண்ணாடியிழை வலைத்துணியை மூலை முழுக்கப் பதித்து, அதன் மேல் மறுபடி அடியுங்கள். வலையின் கண் தெரியாமல் மூட வேண்டும்.

குழாய் முனைகள். ஷவர் குழாய், தண்ணீர்க் குழாய் வெளிவருகிற துளையைப் பெரிதாக உடைத்துவிட்டு, மொசைக் மூடிவிடும், பூ வைத்த தகடு மறைத்துவிடும் என்று விட்டுப்போவார்கள். நான் திறந்து பார்த்த ஊறின சுவர்களில் முக்கால்வாசி இந்தத் துளைதான். சுற்றிக் கலவையால் அடைத்து, காய்ந்ததும் குழாயைச் சுற்றி ஒரு சிறு பள்ளம் எடுத்து சீலன்ட் போட்டு, வலைத்துணியை வட்டமாக வெட்டி மாட்டி, அதன் மேல் பூச்சு.

பிறகுதான் சுவர் முழுக்க. முதல் கை இடவலம், இரண்டாம் கை மேல்கீழ். முடிந்தால் இரண்டு கைக்கும் நிறம் மாற்றி அடிக்கச் சொல்லுங்கள். விட்டுப்போன இடம் கண்ணுக்குத் தெரியும். ஒரே வாளி கடைசி வரை வரவேண்டும் என்று தண்ணீர் ஊற்றி இளக்குகிறவர்களை நிறுத்துங்கள். சுவரின் அளவுக்கு எவ்வளவு பொருள் போக வேண்டும் என்று வாளியிலேயே போட்டிருக்கும். வேலை முடிந்தபின் மீதி அதிகமாக இருந்தால் சந்தோஷப்படாதீர்கள், மெலிதாக அடித்திருக்கிறார்கள்.

செப்டம்பர் 18, இரவு

தார் பூசலாமா என்றவருக்கு: வேண்டாம். தார் மேல் மொசைக் பசை பிடிக்காது.

செப்டம்பர் 21

நேற்று எங்கள் தாமானில் ஒரு வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். சுவருக்கும் வாட்டர்புரூஃப் அடித்த வீடு, பார்த்துப் பார்த்துச் செய்த வேலை. ஆனாலும் அடுத்த அறையில் ஓரிடத்தில் மட்டும் பெயிண்ட் பொரிந்திருந்தது. அந்தப் பக்கம் போய்ப் பார்த்தால் அதற்கு நேராகச் சுடுநீர்ப் பெட்டி. மொசைக் ஒட்டி முடித்த பிறகு ஹீட்டர் வாங்கி, மாட்ட வந்த பையன் நாலு துளை போட்டுத் திருகாணி முடுக்கிவிட்டுப் போயிருக்கிறான். பூச்சைத் தாண்டிச் செங்கல் வரை போயிருக்கிறது. அவனைக் குறை சொல்ல முடியாது, உள்ளே என்ன இருக்கிறது என்று அவனுக்கு யார் சொன்னார்கள்?

அதனால் வேலை தொடங்கும் முன் ஒரு தாளில் எழுதிவையுங்கள்: ஹீட்டர் எங்கே, துண்டுக் கம்பி எங்கே, சோப்புத் தட்டு எங்கே, அம்மாவுக்குப் பிடித்துக்கொள்ளக் கம்பி வேண்டுமா. வயதானவர் இருக்கிற வீட்டில் அந்தக் கம்பி கண்டிப்பாக வரும், இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு. முடிந்தவரை ஷவர் தண்ணீர் அடிக்காத சுவருக்குத் தள்ளுங்கள். தவிர்க்க முடியாத துளைக்குள் பிளக் அடிக்கும் முன் சிலிக்கான் நிரப்பி, திருகாணியை அதற்குள் முடுக்கச் சொல்லுங்கள். ஒரு நிமிஷ வேலை.

ஹீட்டர் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன், தலைப்புக்குச் சம்பந்தமில்லை. குளியலறை ஹீட்டருக்கு 10 மில்லியாம்ப் கசிந்தாலே விழுந்து மின்சாரத்தை நிறுத்துகிற மின்கசிவுத் தடுப்பான் வேண்டும் என்பது நம் நாட்டு மின்விதி. பழைய வீட்டில் முழு வீட்டுக்கும் சேர்த்து 100 மில்லியாம்ப் ஒன்று மட்டும் இருக்கும். சுவரை உடைத்துக்கொண்டிருக்கிற நேரத்திலேயே மின்காரரையும் கூப்பிட்டுக் காட்டிவிடுங்கள்.

செப்டம்பர் 23

ஆறடி என்று 15ஆம் தேதி எழுதினேன் அல்லவா, அதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கணக்கு கையில் பிடித்துக் குளிக்கிற ஷவருக்குச் சரி. இப்போது எல்லாரும் தலைக்கு மேலே அகலமான மழை ஷவர் வைக்கிறார்கள். அந்தக் குழாய் சுவரிலிருந்து வெளிவருவதே ஆறரை, ஏழடி உயரத்தில். துளை பூச்சுக்கு மேலே இருந்தால் அடித்ததற்கு என்ன பயன்? எந்தக் குழாய் மிக உயரத்தில் வெளிவருகிறதோ அதற்கு மேலே ஒரு சாண் வரை அடியுங்கள். 1,800 என்பதைக் குறைந்தபட்சமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

செப்டம்பர் 24

கேள்வி கேட்ட தம்பி படம் போட்டிருக்கிறார். முதல் கை முடிந்தது, மூலையில் வலை தெரிகிறது, நல்ல வேலை. வேலை எடுத்தவர் மனம் மாறியதற்குக் காரணம் இந்த இழையா, அம்மாவா என்று சொல்லவில்லை.

இடது மூலையில் குழாய்க்குக் கீழே குமிழி மாதிரி இரண்டு இடம் தெரிகிறது. கீறி எடுத்துவிட்டு அங்கே மட்டும் மறுபடி அடிக்கச் சொல்லுங்கள்.

செப்டம்பர் 26

எத்தனை மணி நேரம் காயவிடுவது? வாளியில் போட்டிருக்கிற நேரம் பெரும்பாலும் 23 டிகிரி வெப்பத்தில், 50 விழுக்காடு ஈரப்பதத்தில் அளந்தது. நம் ஊரில் இப்போது தினமும் மாலையில் மழை. காலையில் காற்றில் ஈரப்பதம் 90ஐத் தாண்டும். சன்னல் ஒரு முழம் கூட இல்லாத குளியலறை. எழுதியிருப்பதைப் போல இரண்டு மடங்கு வையுங்கள், மின்விசிறியைக் கதவில் வைத்து ஓடவிடுங்கள். புதிதாகச் சிமெண்டுப் பூச்சுப் பூசியிருந்தால் அதற்குத் தனிப் பொறுமை வேண்டும். 28 நாள் என்பது நூல் கணக்கு, அவ்வளவு யாரும் விடுவதில்லை. ஒரு வாரத்துக்குக் கீழே மட்டும் இறங்காதீர்கள்.

செப்டம்பரில் உடைத்து தீபாவளிக்குள் முடிக்கிற வீடுகள்தான் எனக்குப் பிற்பாடு வேலை கொடுக்கின்றன. அக்டோபர், நவம்பர் பேராக்கில் மழைக்காலம், எதுவும் காயாது, அதே நேரத்தில் எல்லா மொசைக்காரர்களும் நாலு வீட்டை ஒப்புக்கொண்டு ஓடிக்கொண்டிருப்பார்கள். காயட்டும் என்று சொல்ல வாய் வராது, அடுத்த வீட்டுக்காரர் போனில் கத்திக்கொண்டிருப்பார். ஒரு வருஷம் ஒரு வீட்டுக்கார அம்மா, முறுக்குப் பிழிந்துகொண்டே என்னிடம், “தம்பி, ஃபேன் போட்டா காஞ்சிடும்லா, ஒட்டிடுங்க” என்றார். ஒட்ட மாட்டேன் என்று வந்துவிட்டேன். வேறு ஆளை வைத்து ஒட்டிக்கொண்டார். பண்டிகைக்கு என் வீட்டுக்கு முறுக்கு மட்டும் வந்தது. நல்ல முறுக்கு.

செப்டம்பர் 29

தண்ணீர் நிறுத்திப் பார்ப்பது. தரையின் தண்ணீர்வாயைத் துணியும் பிளாஸ்டிக்கும் வைத்து அடைத்துவிட்டு, கதவுப் படிக்கு மேலே வழியாத அளவுக்கு, இரண்டு விரல் உயரம் தண்ணீர் கட்டுங்கள். சுவரில் தண்ணீர் மட்டத்தில் டேப் ஒட்டுங்கள். 24 மணி நேரம். மட்டம் கொஞ்சம் ஆவியாகி இறங்கும். அது எவ்வளவு என்று தெரிய, பக்கத்திலேயே ஒரு வாளியில் தண்ணீர் வைத்து அதிலும் கோடு போட்டுக்கொள்ளுங்கள். வாளியைவிடத் தரை அதிகமாக இறங்கினால் எங்கேயோ போகிறது.

சுவருக்கு இப்படிக் கட்டிப் பார்க்க முடியாது. ஹோஸ் பிடித்து அரை மணி நேரம் அடித்துவிட்டு, அந்தப் பக்கம் சுவரைத் தொட்டுப் பார்ப்பதுதான் வழி. குழாய்த் துளைகள் மேல் நேராக அடியுங்கள்.

இதை மொசைக் ஒட்டுவதற்கு முன் செய்ய வேண்டும். ஒட்டிய பிறகு செய்தால் தெரிகிற உண்மைக்கு விலை அதிகம்.

செப்டம்பர் 30

தம்பியின் தரை ஒரே இரவில் இறங்கியிருக்கிறது, வாளி அப்படியே இருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் காய்ந்திருக்கிறது என்கிறார். பெரும்பாலும் தண்ணீர்வாயைச் சுற்றித்தான். பிளாஸ்டிக் குழாயும் சிமெண்டுத் தரையும் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. அந்த வட்டத்தில் பூச்சு குழாயின் உதட்டுக்கு உள்ளே வரை இறங்கியிருக்க வேண்டும். உதட்டை மணல்தாளால் தேய்த்து, சீலன்ட் போட்டு, வலைத்துணியோடு மறுபடி அடித்து, மறுபடி தண்ணீர் கட்டுங்கள். வேலை எடுத்தவர் முகம் சுளிப்பார், ஒரு தே தாரே வாங்கிக் கொடுங்கள்.

அக்டோபர் 3

இரண்டாம் தடவை தண்ணீர் நின்றது என்று எழுதியிருக்கிறார். இனி மொசைக்.

இங்கே ஒரு பழக்கத்தை எதிர்த்துக் கொஞ்சம் கத்த வேண்டும். மொசைக்கின் முதுகில் நாலு மூலையிலும் நடுவிலும் கலவையைக் கட்டி கட்டியாக வைத்துச் சுவரில் அமுக்குகிற வேலை. சுவர் கோணலாக இருந்தால் சீக்கிரம் சரிசெய்யலாம் என்று செய்வார்கள். பின்னால் முழுக்கக் காலி இடம். இடுக்கு வழியாக உள்ளே போன தண்ணீர் அங்கே தங்கும், நாறும். கரையானுக்கும் அது சாலை. தரைக்குக் கீழிருந்து ஏறி, யார் கண்ணுக்கும் படாமல் சீலிங் வரை போய்க் கூரை மரத்தைத் தின்றுவிட்டு வரும். வாட்டர்புரூஃப் பூச்சு கரையானைத் தடுக்காது, அதையும் சொல்லிவிட்டேன்.

பல் வைத்த கரண்டியால் சுவரில் பசையை ஒரே திசையில் கோடு கோடாக இழுத்து, மொசைக்கின் முதுகிலும் மெலிதாகத் தடவி, அமுக்கி நகர்த்துங்கள். அவ்வப்போது ஒன்றைப் பெயர்த்துப் பார்த்தால் முதுகு முழுக்கப் பசை பிடித்திருக்க வேண்டும். பசை பாலிமர் சேர்த்த வகையாக இருக்கட்டும். வெறும் சிமெண்டுக் கரைசல் அக்ரிலிக் பூச்சின் மேல் நிற்காது. சுவர் கோணலாக இருந்தால் அதை வாட்டர்புரூஃபுக்கு முன்பே பூச்சில் சரிசெய்திருக்க வேண்டும், பசையில் இல்லை.

அக்டோபர் 4

அந்தக் காலத்தில் இவ்வளவு தொல்லை இருந்ததா என்று ஒரு பெரியவர் கேட்டிருக்கிறார். தோட்டத்து லயத்தில் குளியலறை வீட்டுக்குள்ளேயே இல்லையே ஐயா. வரிசை வீட்டுக்குக் கடைசியில் பைப்படி, சிமெண்டு மேடை, நாலு பக்கம் தகரம், மேலே வானம். பால் வெட்டிவிட்டு வந்து எல்லாரும் வரிசையில் நின்று குளிப்பார்கள். ஊறினாலும் பத்து மணி வெயிலில் காய்ந்துவிடும். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்று, நாம் தாமானுக்கு வந்து, பாதிக் கல் பாதிப் பலகை வீட்டில் சமையலறைக்குப் பக்கத்தில் குளியலறை கட்டினோம். அதைச் சுற்றி இன்னும் இரண்டு அறை ஒட்டினோம். வெயில் படாத சுவர் ஆகிவிட்டது. அதில் சுடுநீரும் சேர்ந்தது. நீராவி சிமெண்டுக்குள் இன்னும் ஆழமாகப் போகும்.

பலகைச் சுவர் இன்னும் மிச்சமிருக்கிற வீடுகளுக்கு நான் செங்கல்லுக்குச் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பலகை அசையும். அங்கே முதலில் சிமெண்டுப் பலகை அடித்து, அதன் முகத்தில் பூச வேண்டும், அந்த அமெரிக்க வீடியோக்காரர்கள் செய்வது போலவே. பழைய சாம்பல் நிறத் தகட்டுச் சுவராகவோ சீலிங்காகவோ இருந்தால் துளை போடவோ அறுக்கவோ வேண்டாம். கல்நார் கலந்ததாக இருக்கலாம், அந்தத் தூசு நுரையீரலுக்குக் கேடு.

அக்டோபர் 7

உடைக்காமல், தட்டாமல், மேலே தெளித்தால் போதும் என்று விளம்பரம் வருகிற நிறமற்ற திரவம் பற்றி நாலைந்து பேர் கேட்டுவிட்டீர்கள். கிரவுட்டின் துளைகளைக் கொஞ்ச காலம் அடைக்கும். வாடகை வீட்டில் இருப்பவருக்கு அது சரியான வழிதான், மறுக்கவில்லை. ஆனால் மூலை வெடித்திருந்தால், மொசைக் கழன்றிருந்தால் அது செல்லாது. சோப்பும் தேய்ப்பும் பட்டுப் போய்விடும், திரும்பத் தெளிக்க வேண்டும். மொசைக்கைப் பெயர்த்துவிட்ட வீட்டில் அதை யோசிக்கவே வேண்டாம். சுவர் திறந்திருக்கிற நாள் மறுபடி எப்போது வரும்?

அக்டோபர் 11

தம்பி ஒட்டி முடித்துக் கிரவுட்டும் போட்டுவிட்டார். ஒன்று மட்டும் மாற்றச் சொன்னேன். மூலைக் கோடுகளிலும் தரையும் சுவரும் சேரும் கோட்டிலும் கிரவுட் போட்டிருந்தார்கள். அங்கே கிரவுட் நிற்காது, சில மாதத்தில் மயிரிழை விடும். காய்ந்து கெட்டியாவதற்கு முன் சுரண்டி எடுத்துவிட்டுப் பூஞ்சை பிடிக்காத சிலிக்கான் போட வேண்டும். நிறம் கிரவுட்டோடு பொருந்துகிறதா என்று கடையில் வைத்துப் பாருங்கள். வெள்ளைக் கிரவுட்டுக்குப் பக்கத்தில் மஞ்சளடித்த சிலிக்கான் அசிங்கமாகத் தெரியும். போட்ட பிறகு ஒரு நாள் யாரும் உள்ளே குளிக்கக் கூடாது. அடுத்த வீட்டில் சொல்லிவையுங்கள்.

அம்மாவின் அறைச் சுவருக்கு உடனே பெயிண்ட் அடிக்காதீர்கள். பழைய ஈரம் உள்ளே இருக்கிறது, அது வெளியேற மாதக்கணக்கு ஆகும். பொரிந்த பெயிண்டைச் சுரண்டி, உப்பை உலர்ந்த பிரஷால் தட்டி எடுத்து, அப்படியே விடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும். தீபாவளிக்கு அந்தச் சுவர் வெறுமையாக இருந்தால் காலண்டர் மாட்டுங்கள்.

அக்டோபர் 12

கூரைத் தகரம் ஒழுகுவதற்கும் இதே பூச்சு அடிக்கலாமா என்று கடைசியாக ஒரு கேள்வி வந்திருக்கிறது. முடியாது. குளியலறைப் பூச்சுகள் பலவும் மொசைக்குக் கீழே மறைந்திருக்கச் செய்தவை, வெயில் பட்டால் சீக்கிரம் வெடிக்கும். கூரைக்கு வெயில் தாங்குகிற வகை தனியாக உண்டு. அது வேறு கதை, தனியாகக் கேளுங்கள். மழை நின்ற பிறகு கேளுங்கள், இப்போது ஏணி ஏறிப் பார்த்துச் சொல்ல என்னால் முடியாது.